கம்பத்தடிக்குப் போன மோர்

“ஊர் கரண்ட் போனா நம்ம கரண்டும் ஏம்மா போகணும்?” என்று கேட்டார் கோதண்டம்.

முப்பது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்துவிட்டு, அறுபதில் மடத்துக்கு வந்து சீடரானவர் அவர். குரு அமிர்தவல்லியம்மாவுக்கு வயது நாற்பதுதான். மூன்று நாளாகக் காய்ச்சல். பாயில் சுருண்டு கிடந்தார். தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் நின்றது.

“வெளியே வெயில் கொளுத்துது. கூரையில நான் மாட்டின சோலார் தகடெல்லாம் சும்மா கிடக்குது. நாம செலவழிச்சது போக மிச்சத்தை ஊர் லைனுக்குத்தானே விடறோம்? அந்த லைன் செத்தா நம்ம இன்வெர்ட்டர் பெட்டியும் கூடவே கண்ணை மூடிக்குது. இது என்ன நியாயம்?”

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, லைன் இருக்குன்னு பெட்டியை ஏமாத்த வழி பண்ணிட்டேன். சுவிட்சைத் தட்டறதுதான் பாக்கி.”

மெக்கானிக் கை சும்மா இருக்குமா? அம்மா வேர்த்துக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“தட்டலாம் ஐயா. முதல்ல ஒரு சொம்பு மோரைக் கொண்டுபோய்க் கம்பத்துல வேலை பாக்கறவருக்குக் குடுத்துட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தெருமுனையில் லைன்மேன் சவரிமுத்து கம்பத்தின் மேல் இருந்தார். அறுந்த கம்பியை இழுத்துப் பிடித்திருந்தார். கையில் உறைகூட இல்லை.

“வெறுங்கையில பிடிச்சிருக்கியே, பயமா இல்லையாப்பா?”

“என்ன பயம் சாமி? டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறினேன். இனிமே எங்கேருந்து கரண்ட் வரப்போகுது?”

கோதண்டத்தின் கண் அந்தக் கம்பியோடு போனது. அடுத்த கம்பம். அதற்கடுத்த கம்பம். அப்புறம் மடத்துக் கூரை, மிச்சத்தை இதே லைனில் விடும் அவருடைய தகடுகள்.

அவர் சொம்பைக் கம்பத்தடியில் வைத்துவிட்டார்.

“சாமி, ஒரு உதவி. கீழே என் செருப்பு வெயில்ல கிடக்கு. கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தி வைங்க. இறங்கறப்போ சுடும்.”

கோதண்டம் குனிந்து இரண்டு கையாலும் அந்தச் செருப்புகளை எடுத்தார். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. நிழலில் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

சவரிமுத்து இறங்கி வந்தார். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

கோதண்டம் வேகமாக மடத்துக்குத் திரும்பினார். இழுத்திருந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டிக் குப்பையில் போட்டார். பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுவிட்சைத் தட்டலையா ஐயா?”

விசிறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அம்மா அவருடைய மணிக்கட்டைத் தொட்டார். “கை வலிக்கும். போதும்.”

“இருக்கட்டும்மா,” என்றார் கோதண்டம். “அவர் இன்னும் கம்பத்து மேலேதான் இருக்கார்.”