தார் ரோட்டை விட்டு இறங்காத வண்டி

கொல்லிமலையில் தார் ரோடு ஒரு வளைவோடு முடிந்துபோகும். அங்கிருந்து மூன்று மைல், கல்லும் குழியுமான பாதையில் நடந்தால் தாயம்மாவின் குடில். அந்தப் பாதையில் கார் வராது, ஆம்புலன்சும் வராது. தாயம்மாவுக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் வேதகிரிக்கு அறுபது.

வேதகிரி திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்திருப்பவர். சொந்த உபயோகத்துக்கு ஒரு வெளிநாட்டு ஜீப் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கும், ஆற்றில் இறங்கும், பாறையில் ஏறும் என்று சொல்லி விற்ற வண்டி. பதினாறு வருடமாக அது கல்யாண மண்டபங்களுக்குப் போய்வருகிறது.

அமாவாசைக்கு அமாவாசை குடிலுக்கு வருவார். வளைவில் வண்டியை நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டு நடந்தே வருவார். பாதையோரத்து முள் பெயிண்டைக் கீறிவிடுமாம். குடிலுக்கு அவர் தரும் அரிசி மூட்டைகளை மலைக்காரர்கள் தலையில் சுமந்து வருவார்கள். தலைக்கு யார் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்?

அந்த அமாவாசையன்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்தார். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"வயிறு எரியுதுங்கம்மா. வண்டிக் கூரையில இருக்கற கண்ணாடி திறக்க மாட்டேங்குது. சாமான் வெளிநாட்டுல இருந்து வர நாலு மாசமாகுமாம்."

"அதுக்கு என்னங்க?"

"என்னங்கவா? மச்சினன் புதுசு எடுத்திருக்கான். மண்டபத்துல அவன் வண்டி வாசல்ல நிக்குது. என் வண்டியை எச்சில் இலை போடற பக்கம் நிறுத்தச் சொல்றான் வாட்ச்மேன். எனக்கு இது தேவையா?"

"அப்ப வித்துருங்க."

"எப்படிங்கம்மா விக்கறது? ராசியான வண்டி. அது வந்தப்புறந்தான் நாலு போர் வண்டி எட்டாச்சு. நாளைக்கு எக்சேஞ்சுக் கடைக்காரன் பழசைப் பார்த்து விலை சொல்ல வர்றான். ஓடாத வண்டின்னு இப்பவே போன்ல இழுக்கறான். மனசு ஒரு நிலையில இல்லீங்க."

மடியிலிருந்து இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். அவர் ஊர்ப்பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் சாமி முன்னால் இப்படிப் பூ வைத்துக் கேட்பார்கள். சிவப்புப் பூ வந்தால் பழசையே வைத்துக்கொள்வது, வெள்ளைப் பூ வந்தால் புதுசு வாங்குவது. எந்தப் பொட்டலத்தில் எது என்று அவருக்கே தெரியாது.

"நீங்களே ஒண்ணை எடுத்துக் குடுங்கம்மா."

தாயம்மா பொட்டலங்களைத் தொடவில்லை.

அப்போது வெளியே ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. நாலு பேர் மூங்கிலில் கம்பளியைத் தூளிபோல் கட்டித் தூக்கி வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் சடையன். கம்பளிக்குள் அவர் மகள் அம்சா. விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளை திரும்பாமல் நிற்கிறதாம். மேலூர்க் குடிசைகளிலிருந்து ஏற்கெனவே இரண்டு மைல் வந்திருக்கிறார்கள். இன்னும் மூன்று மைல் போனால்தான் தார் ரோடு.

தாயம்மா வேதகிரியைப் பார்த்தார். "வண்டியைப் போய் எடுத்துட்டு வாங்க."

"இந்தப் பாதையிலயாங்கம்மா?"

"இந்தப் பாதையிலதான்."

"நாளைக்கு ஆள் வர்றாங்க. ஒரு கீறல் விழுந்தாலும்..."

தாயம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

"பூவா கேட்க வந்தீங்க? ரெண்டு பொட்டலத்துலயும் உங்க கௌரவந்தான் இருக்கு. நான் எதை எடுக்கறது?"

சொல்லிவிட்டு வெளியே போனார். களைத்துப்போன ஒருவரை விலக்கிவிட்டு மூங்கிலுக்குத் தன் தோளைக் கொடுத்தார். ஐந்து பேரும் கிளம்பினார்கள். யாரும் வேதகிரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் திட்டிக்கொண்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார்.

கம்பளிக்குள்ளிருந்து அம்சா கத்தினாள். வேதகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குவழியில் ஓடினார். அறுபது வயதுக்கு அது ஓட்டமில்லைதான், ஆனாலும் ஓடினார்.

தூளி பாதிவழிகூடத் தாண்டவில்லை, எதிரே வண்டி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் முள் இழுத்து வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தது. அம்சாவைத் தோல் சீட்டில் படுக்க வைத்தார்கள். அரை மணியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கைவிரித்திருப்போம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் வேதகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு இடத்துல முனகலீங்கம்மா. அந்தக் குழியில அப்படியே ஏறி வந்துச்சு. இதைப் போயி ஓடாத வண்டின்னான் அந்தக் கடைக்காரன். நாக்கூசாம எப்படிச் சொல்றாங்க பாருங்க."

சடையன் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். தோளில் மூங்கில் அழுத்திய இடம் ரத்தம் கட்டியிருந்தது.

"உங்களை மறக்க மாட்டேனுங்க. போன தடவையும் நீங்கதானுங்க."

"எந்தத் தடவை?"

"நாலு வருசம் ஆச்சுங்க. எம் பொண்டாட்டியைப் பாம்பு தீண்டி, இதே மாதிரி தூக்கியாந்தோம். பாதிவழியில நீங்க எதிர்ல நடந்து வந்தீங்க. தண்ணி பாட்டில் குடுத்தீங்க. அவ கடைசியாக் குடிச்சது அந்தத் தண்ணிதானுங்க. வளைவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."



சடையன் வண்டியைப் பார்த்தார். கதவில் இருந்த கீறலைத் துண்டால் துடைத்தார். அது போகவில்லை. மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏனுங்க, இந்த வண்டி அப்பவும் அந்தப் பாதையில வந்திருக்குமுங்களா?"

வேதகிரி தாயம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றார் தாயம்மா. "அவரு உங்களைத்தானே கேட்கறாரு."