இருநூறு தலையணையும் ஒரு காற்றாடியும்

போடிப் பக்கத்தில் கோணாம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே ஆடு மாடுகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் மேயும். மனுஷர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அந்த ஊரில் தங்கமாயன் இலவம்பஞ்சுத் தலையணைக் கம்பெனி வைத்திருந்தார். கரண்டுக்காக மேட்டில் ஒரு காற்றாடி போட்டார், கூரையில் சோலார் தகடு போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேஸ்திரியாகச் சன்னாசியையும் போட்டார்.

மகளுக்குப் பிரசவம் என்று மதுரைக்குக் கிளம்பியபோது சாவியை அவனிடம் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை லாட்ஜுக்கு இருநூறு தலையணை போயாகணும். காத்து இருந்தா பஞ்சடிக்கிற மிஷினை ஓட்டு, இல்லேன்னா நிறுத்து. மேகம் வந்தா பாதி வேலை போதும். காத்து ஜாஸ்தியா அடிச்சா வீணாக்காம சேமிச்சு வை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மொதலாளி!"

சன்னாசிக்கு நெஞ்சு விம்மியது. நாற்பது வயதில் அவனை நம்பி ஒருத்தர் சாவி கொடுப்பது இதுதான் முதல் தடவை.

உடனே கூட்டம் போட்டான். மிஷின் ஓட்டும் ஒச்சுக்காளை, மூட்டை தூக்கும் பொம்மையன், தையல்காரி சிலம்பாயி மூவரும் வந்தார்கள்.

"காத்து இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தான் சன்னாசி.

"காத்தாடி சுத்துதே, மேஸ்திரி" என்றாள் சிலம்பாயி.

"சுத்தறது அதோட உத்தியோகம். அது பேச்சை நம்பி மிஷினை ஓட்ட முடியுமா?"

ஒச்சுக்காளை தாடையைச் சொறிந்தான். "பஞ்சை வெளியே வைப்போம். பறந்தா காத்து இருக்குன்னு அர்த்தம்."

"ஒரு பிடி போதுமா?" என்றான் பொம்மையன்.

"கொஞ்சம் வச்சா கொஞ்சம் காத்துதான் தெரியும். எல்லாத்தையும் வை" என்று தீர்ப்புச் சொன்னான் சன்னாசி.

பன்னிரண்டு மூட்டைப் பஞ்சையும் களத்தில் அவிழ்த்துக் கொட்டினார்கள். அது எழும்பிச் சாவகாசமாக மலையைத் தாண்டிப் போனது.

"காத்து இருக்கு! மிஷினை ஓட்டு!"

அன்று பூராவும் மிஷின் வெறும் வயிற்றோடு ஓடியது.

மறுநாள் மேகம் வந்தது. சிலம்பாயி உறைகளை இரண்டு பக்கம் தைத்து, இரண்டு பக்கம் விட்டாள்.

பொம்மையன் அண்ணாந்து பார்த்தான். "மேஸ்திரி, மேகம் சூரியனைப் பாதிதானே மறைக்குது?"

நால்வரும் நெடுநேரம் விவாதித்தார்கள். பாதி மேகத்துக்குப் பாதி வேலையில் பாதியைத்தான் விடலாம் என்று முடிவானது. மூன்று பக்கம் தைத்தார்கள். இருநூறு உறையும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

வியாழக்கிழமை காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

"இதைத்தான் சேமிக்கச் சொன்னாரு!" என்று துள்ளினான் சன்னாசி. "உறையைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறுங்கடா!"

ஒருவன் பிடிக்க, ஒருவன் வாயை விரிக்க, காற்று உள்ளே போனதும் சிலம்பாயி சட்டென்று தைத்தாள். சாயங்காலத்துக்குள் இருநூறும் முடிந்தது. சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். உழைப்பின் அருமை அப்படி.

வெள்ளிக்கிழமை காலையில் லாட்ஜுக்காரரின் வேனும் முதலாளியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். இருநூறு தலையணையும் ஆப்பம் மாதிரி தட்டையாகக் கிடந்தன.

"பஞ்சு எங்கடா?"

"காத்து இருக்கான்னு பார்த்துட்டு வரப் போயிருக்கு, மொதலாளி. இன்னும் திரும்பலே."

"இது என்னடா?"

"சேமிச்ச காத்து. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

லாட்ஜுக்காரர் வேனைத் திருப்பிக்கொண்டு போனார். தங்கமாயன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இனிமே என் கண்ணு முன்னால நிக்காதீங்கடா!"

நால்வரும் ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அவர் திரும்பினார். அவர்களும் சுற்றி ஓடி மறுபடி பின்னால் போனார்கள். வீடு வரைக்கும் வரிசையாகத் தொடர்ந்தார்கள்.

அவர் கதவைக்கூடச் சாத்தாமல் கட்டிலில் மல்லாந்து விழுந்தார். நால்வரும் கட்டிலுக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள்.

பிறகு அடியிலிருந்து சன்னாசியின் குரல் பணிவாக வந்தது.

"மொதலாளி, குப்புறப் படுக்கறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. நாங்க உங்க மேல ஏறி வரணும்."