சின்ன பேக்கும் ஒரு கரண்டித் தயிரும்

போனுக்கு நல்ல நெட் பேக்காகப் போட்டால்தான் காட்டுக்குள் கால் வைப்பேன், இல்லாவிட்டால் இப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று பொத்துவில் கடைத்தெருவில் நின்றுவிட்டாள் செல்லக்கிளி.

அவள் முசிறிப் பக்கத்துக்காரி. பிள்ளை பிறந்தால் காட்டு வழியே நடந்து கதிர்காமத்துக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவள். வேண்டுதல் பலித்து மகன் கதிருக்கு மூன்று வயதும் ஆகிவிட்டது. அவனை அப்பனிடம் விட்டுவிட்டு, குரு நீலாம்பிகையோடு கடல் தாண்டி இலங்கைக்கு வந்திருக்கிறாள். குருவுக்கும் சிஷ்யைக்கும் ஒரே வயசுதான். ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

கொழும்பில் இறங்கியதிலிருந்து கூட வந்தவர்களிடம் ஹாட்ஸ்பாட் கேட்டுக் கேட்டு மகனைப் பார்த்தாள். பஸ் ஏறினால் ஒரு வீடியோ கால், இறங்கினால் ஒரு வீடியோ கால். கதிர் திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பான். டாட்டா காட்டிவிட்டு ஓடிவிடுவான்.

"அவனைப் பிடிச்சு உக்கார வைங்களேன்" என்பாள் புருஷனிடம்.

"இப்பதானே புள்ள பேசுனே. அதுக்குள்ள அவன் என்னத்தப் புதுசாப் பண்ணிருப்பான்?" என்பான் அழகிரி.

கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்துகொண்டு சிம்மை எடுத்து வைத்தார்.

"பெரிய பேக் போட்டா ஒரு நாளைக்கு நாலு ஜிபி. மிச்சம் வச்சா ராவோட போயிடும். சின்னது மொத்தமே ஒரு ஜிபிதான், ஆனா மாசம் முழுக்கக் கிடக்கும்."

"பெரிசே போடுங்கண்ணே. காட்டுல நடக்கிறப்பவும் அவன் முகத்தைப் பாத்துக்கிட்டே போவேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "காட்டுக்குள்ள டவர் இல்ல தங்கச்சி. அங்க பெரிசும் சிறிசும் ஒண்டுதான். யானையோட வேணுமெண்டா கதைக்கலாம்."

செல்லக்கிளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. எந்தப் பேக்கு போடட்டும்? அவன் குரல் கேக்காம இத்தனை நாள் நான் எப்படி இருப்பேன்?"

நீலாம்பிகை கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். "பசிக்குது. தூக்கை எடு."

தங்கியிருந்த மடத்தில் விடியலில் செல்லக்கிளி கிளறிய தயிர்சாதம் அது. குரு இலையில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். கடைக்காரருக்கும் ஒரு கை கொடுத்தாள். அவர் ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"எவ்வளவு தயிர் விட்டுக் கிளறுனே?" என்று கேட்டாள் குரு.

"ஒரு கரண்டிதாம்மா. மீதியெல்லாம் பாலு."

"ஏன், மடத்துல தயிர் இல்லையா?"

"சட்டி நிறைய இருந்துச்சு. தயிரையே ஊத்துனா மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போயிரும். கட்டுச்சோத்துக்குப் பாலை ஊத்தி ஒரு கரண்டி தயிர் விட்டாப் போதும். போற வழியில தானா உறைஞ்சுக்கும்."

"நடுவுல திறந்து திறந்து பாத்தியா?"

"கைய விட்டுக்கிட்டே இருந்தா அது எப்படி உறையும்?" அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

"எனக்கு எங்கே தெரியும்? உக்காந்து திங்கத்தானே தெரியும்" என்று விரலை நக்கினாள் குரு.

செல்லக்கிளி தூக்கைக் கழுவினாள். கழுவிய தூக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைப்பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சின்னதையே போடுங்க."

காடு தொடங்கும் உகந்தை மலையில் நின்று மகனைக் கூப்பிட்டாள். "அம்மா சாமிகிட்டப் போயிட்டு வந்து பேசுறேன்." போனை அணைத்து மூட்டையின் அடியில் வைத்தாள்.

முதலில் கை தானாக மூட்டைக்குப் போயிற்று. போகப் போக, பார்த்ததையெல்லாம் அவனிடம் சொல்ல மனசில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். குட்டியை நடுவில் விட்டு நடந்த யானைகள். தோகையை விரித்துக்கொண்டு வழியை மறித்த மயில். அதைப் பார்த்து "தள்ளிக்கோ சாமி" என்று குரு கும்பிட்டது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகிக் கரையேறி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் போட்டாள்.

திரை முழுக்கக் கதிரின் மூக்குதான் தெரிந்தது.

"அம்மா, நம்ம ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு எம்மேல மூச்சா போயிருச்சு. அப்பா தோசை கருக்கிட்டாரு. நான் அழுவல. நீ யானை பாத்தியா? யானை உன்னையப் பாத்துச்சா?"

"பாத்துச்சுடா தங்கம்."

"போனைக் கொஞ்சம் குடுடா" என்று பின்னால் அழகிரியின் குரல்.

"போப்பா. நான் இன்னும் சொல்லவே இல்ல."

அவன் சொன்னான். அவள் சொன்னாள். மயில் கதையை மறுபடி மறுபடி கேட்டான். நேரம் போனதே தெரியவில்லை. வாயைத் திறந்தபடியே அவன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது.

செல்லக்கிளி ஈரச் சேலையோடு குருவிடம் ஓடினாள்.

"அம்மா, பேக்கு தீந்துபோச்சு. அவன் இன்னும் சொல்லி முடிக்கலம்மா."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த நீலாம்பிகை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்படி, பதமா உறைஞ்சிருக்கா?"