பங்கு போடும் கத்தி

காட்டுப்பன்றிக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், வேட்டை என்றால் ஓட்டமும் துரத்தலும் கிடையாது. இறைச்சி வேண்டுமென்றால் ஆண்பிள்ளை ஒருவன் உப்புமண் ஓடைக்குப் போவான். வில்லைத் தரையில் வைத்துவிட்டு உட்காருவான். பன்றிக்கூட்டத்துக்கு மூத்தவளான பெரியாத்தா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"யாரு பசிக்கு?"

வந்தவன் பசித்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், மண்ணைக் கிளற மூக்கில் தெம்பில்லாத கிழட்டுப் பன்றி ஒன்று கூட்டத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

மலைமேல் ஏழு குடிசை இருந்தது. அதில் ஒன்றில் ரேசியும் அவள் புருஷன் பண்ணனும் ஒரே மகளும் வாழ்ந்தார்கள். ரேசி கிழங்கு தோண்டுவாள். வாரம் ஒரு முறை, புகையில் வாட்டிய பன்றிக்கறியைக் கூடையில் அடுக்கி அடிவாரச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கறியைக் கொடுத்து உப்பும் ராகியும் மாற்றி வருவாள். பேரத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஒரு படி உப்புத்தான் என்று ஆரம்பிக்கிறவன் ஒன்றரைப் படி அளந்து போட்டுவிட்டு, அதற்கு அவளிடமே நன்றியும் சொல்லிவிட்டுப் போவான்.

ஆனால் அந்தக் கறியில் ஒரு துண்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லை. ஏழு குடிசைப் பெண்களுக்கும் அதே கதைதான். காட்டுக்கறி பெண்களுக்கு ஆகாது, வனதேவதைக்குக் கோபம் வரும் என்று ஆண்கள் சொல்லிவைத்திருந்தார்கள். ஓடைக்கரையிலேயே தீ மூட்டி நல்ல பாகத்தையெல்லாம் சுட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தை வாட்டிச் சந்தைக்கென்று வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

ஒரு நாள் காலையில் ரேசி கிழங்குக்குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொடியடியில் பெரியாத்தாவும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளே, இப்ப எத்தனை மாசம்?" என்றாள் பெரியாத்தா.

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

"போன மழைக்கு உன் புருஷன் வந்தான். நீ முழுகாம இருக்கே, கறிக்கு வாய் ஊறுதுன்னு சொன்னான். எங்க சித்தப்பனை அனுப்பிவெச்சோம். அதுக்கு முந்தி பனிக்காலத்துலயும் அதையேதான் சொன்னான். ஒரே வருஷத்துல நாலு மசக்கை. ஒரு பிள்ளையும் கண்ணுல காணோமேன்னு பாத்தேன்." பெரியாத்தா ஒரு கிழங்கை மென்று விழுங்கினாள். "சித்தப்பன் எப்படி இருந்தாரு? வயசான உடம்பு. மெல்ல முடிஞ்சுதா?"

ரேசியின் கை குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் ஓடையில் இனி யாரும் எழுந்து வரமாட்டார்கள். கறி இல்லையென்றால் சந்தை இல்லை, உப்பு இல்லை. ஆமாம், நன்றாக இருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தையில் அவள் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் எதிரே நிற்பவள் தன் சித்தப்பனைக் கொடுத்தவள்.

"நான் தின்னதில்லை பெரியாத்தா," என்றாள் ரேசி. "எங்க பொம்பளைங்க யாரும் தின்னதில்லை."

பெரியாத்தா மூக்கைத் தூக்கி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் புதருக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பின் ஆண்கள் மூன்று தடவை ஓடைக்குப் போனார்கள். யாரும் வந்து கேள்வி கேட்கவில்லை. ராகி தீர்ந்தது. உப்பும் பானையின் அடிக்கு வந்தது. பண்ணன் குடிசைக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்து வில்லைத் துடைப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தான். ரேசி அவித்த கிழங்கைக் கொண்டுபோய் அவன் எதிரே வைத்தாள். உப்பில்லாக் கிழங்கு.

"வனதேவதை எப்ப மாமா உன்கிட்ட வந்து சொல்லுச்சு?" என்றாள்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "சொல்லலை ரேசி. முதல்ல ஈரலை மட்டும் சுட்டோம். வாசனை ஆளைத் தூக்குச்சு. அப்புறம் ஒரு தொடை. நல்ல கறி இல்லாம வீட்டுக்கு வந்தா என்ன சொல்றதுன்னு யோசிச்சோம். ஒருத்தன் தேவதைன்னான்." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல கறி," என்றான்.

ரேசிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் சொன்ன விதத்தில் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அவனுக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

"எந்திரி. போய்க் கேக்கலாம்," என்றாள்.

இருவரும் ஓடைக்குப் போனார்கள். இந்தத் தடவை ரேசி முன்னால் உட்கார்ந்தாள். வெயில் சாயும் நேரத்தில் பெரியாத்தா வந்தாள்.

"பேர் சொல்ல வந்தியா?"

"இல்லை. பேரம் பேச வந்தேன். எங்களுக்குக் கறியும் வேணும், உப்பும் வேணும். உங்களுக்கு என்ன வேணும்?"

பெரியாத்தா பண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டுக் குடுக்குறது முடிஞ்சுபோச்சு. ஆம்பளைங்க வாய்வார்த்தைக்கு எங்க கிழவனுங்களை இனி அனுப்பமாட்டோம். வேணும்னா துரத்திப் பிடிக்கட்டும். நாங்க ஓடுவோம். திரும்பி முட்டவும் முட்டுவோம்."

"சரி. விழுந்தா?"

"விழுந்தது முழுசா வீடு போகணும். காட்டுல கத்தி படக்கூடாது. பங்கு போடுற கத்தி உன் கையில இருக்கணும்."

"அவங்க வழியில தீ மூட்டினா?"

"எத்தனை கால், எத்தனை காதுன்னு எண்ணி வாங்கத் தெரியாதவளா நீ?" என்று சொல்லிவிட்டுப் பெரியாத்தா ஓடையைத் தாண்டிப் போனாள். பன்றி மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த வாரமே வேட்டைக்குப் போனார்கள். விடியலில் தொடங்கிய ஓட்டம் உச்சிவெயிலுக்குத்தான் ஓய்ந்தது. பண்ணனின் தொடையைப் பன்றி கிழித்துவிட்டது. நொண்டிக்கொண்டே வந்தான். ஆனால் பன்றியைக் கழியில் கட்டி முழுசாகத்தான் தூக்கி வந்தார்கள். ரேசி சுற்றி வந்து காலை எண்ணினாள், காதை எண்ணினாள். பிறகு கத்தியை எடுத்தாள். ஈரலைச் சுட்டு, முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சுற்றி நின்ற பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு ரேசி?"

அவள் மெதுவாக மென்று முடித்தாள். "இத்தனை வருஷமா மலிவா வித்துட்டேன்," என்றாள்.

ஏழு குடிசைக்கும் ஏழு பங்கு. வேட்டைக்குப் போனவனுக்கும் போகாத விதவைக்கும் ஒரே அளவு. காயம்பட்ட பண்ணனுக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதல். அவன் அதை மகள் தட்டில் வைத்துவிட்டுத் தன் பங்கை நிதானமாகத் தின்றான்.

அன்று தொடங்கித்தான் காட்டுப்பன்றி மனிதரைக் கண்டால் பேசாமல் முட்ட வருகிறது. அந்த மலையில் வேட்டையாடுகிறவன் ஆணாக இருந்தாலும், கறியைப் பங்கு போடுகிற கத்தி பெண் கையில் இருப்பதும் அன்று தொடங்கித்தான்.