பக்கத்துப் பெட்டியைக் கேட்டீர்களா?

ஒரு வாளைக் கையில் கொடுத்தால், அதைக் கடைசியாகப் பிடித்தது ஆண் கையா பெண் கையா என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாதல்லவா? அந்த வாளுக்கே சொல்ல முடியாமல் போன கதை இது.

வடக்கே, கடல்கூட உறைந்துபோகிற ஒரு குளிர் தேசத்தில் அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. வைக்கிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நீள நீளமான கப்பலில் ஏறிப்போய் ஊர் ஊராகக் கலக்கியவர்கள், அவர்களுடைய சாமான்கள்தான் அங்கே முழுக்க. நடுக்கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், அவற்றில் ஒன்று பெரியது. அதற்குள் ஒரே குழியில் கிடைத்த ஒரு குடும்பம். ஒரு வாள், ஒரு கேடயம், ஒரு பை நிறைய, பலகையில் வைத்து ஆடுகிற ஆட்டக்காய்கள், ஒரு குதிரையின் எலும்புக்கூடு. எல்லோருக்கும் நடுவில், காலை நீட்டிப் படுத்திருந்த மனித எலும்புக்கூடு. தலைமாட்டில் ஓர் அட்டை. அதில் பெரிய எழுத்தில் ‘மாவீரன்’.

குதிரைக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்திருந்தது. மழை இல்லை, ஈ இல்லை, வாலை ஆட்டுகிற வேலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தன் முதுகில் ஏறிய ஆள் ஒரு முழம் தள்ளிப் பக்கத்திலேயே படுத்திருந்தார். மண்ணுக்குள் எப்படிக் கிடந்தார்களோ அதே மாதிரி. அது போதும் குதிரைக்கு.

கேடயம் தினமும் காலையில், “தளபதி ஐயா, வணக்கம்” என்று எலும்புக்கு ஒரு கும்பிடு போடும்.

“ஐயா உடம்புல ஒரு வெட்டுக்காயம் உண்டா பாருங்க! ஒருத்தனும் கிட்ட நெருங்கலை” என்று வாள் பெருமையடிக்கும்.

“எங்களை வச்சுத்தான் ஐயா போர்த்திட்டமே போட்டார்” என்று ஆட்டக்காய்கள் கலகலக்கும்.

எலும்பு மட்டும் ஒன்றும் பேசாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிக்னே என்கிற பெண் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். போன மாசம்தான் அந்த எலும்பிலிருந்து துளியூண்டு சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கூட வந்த பேராசிரியரிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

“இது ஆண் இல்லையாம் சார். பெண்ணாம்.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படின்னா இது வேற எலும்பு. எப்பவோ இடம் மாறி வந்துடுச்சு. எடுத்துப் பின்னறை அலமாரியில வைங்க. வாளும் அட்டையும் இங்கேயே இருக்கட்டும்.”

“நாளைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் சார்” என்றாள் சிக்னே.

குதிரை பக்கத்தில் படுத்திருந்த ஆளைப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை இந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

திங்கட்கிழமை கூடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பெட்டிக்குள்ளேதான் ஒரே அமளி. கேடயத்துக்கு எப்படிக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை.

“தளபதி ஐ... அம்... ஏம்மா, நீ யார் வீட்டுப் பொண்ணு? எங்க தளபதி எங்கே?”

“எனக்கு முதல்லயே சந்தேகம்தான்” என்றது வாள். “உடம்புல ஒரு வெட்டுக்காயம்கூட இல்லையே!”

“நேத்து வரைக்கும் அதைத்தானே பெருமையாச் சொன்னீங்க, வாளண்ணே?” என்றது குதிரை.

“நேத்து வரைக்கும் அவர் ஆம்பளை. ஆம்பளைக்குக் காயம் இல்லேன்னா கெட்டிக்காரன். பொம்பளைக்குக் காயம் இல்லேன்னா, சண்டைக்குப் போகவே இல்லைன்னு அர்த்தம்.”

“வீட்டுல பொழுது போகாம எங்களை உருட்டிக்கிட்டு இருந்திருக்கும்” என்றன ஆட்டக்காய்கள்.

“சரி, அப்போ வாளை ஏன் பக்கத்துல வச்சுப் புதைச்சாங்க?” என்று குதிரை கேட்டது.

“அது புருஷனோடதா இருக்கும்” என்றது கேடயம்.

“புருஷன் எங்கே?”

“வருவார்.”

“ஆயிரம் வருஷமாவா?”

குதிரை வாளின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டது. “நிஜமாச் சொல்லுங்கண்ணே. உங்களைப் பிடிச்ச கை உங்களுக்கு ஞாபகம் இல்லையா?”

“என் பிடியில தோல் சுத்தியிருந்துச்சு. அது மண்ணுல மக்கிப்போச்சு. அந்தக் கையோட சூடும் அதோடயே போயிடுச்சு. நான் இத்தனை நாளா அட்டை சொன்னதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு. என் பிடரியை ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் ஏறுவாங்க. கப்பல்லயும் என்னைத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க.”

“சவாரி போறதெல்லாம் சண்டையாயிடுமா?” என்றது கேடயம். “ சந்தைக்குப் போயிருப்பீங்க.”

குதிரைக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “கேடயண்ணே, என் காலடியில ஒரு சீட்டு இருக்கு. கொஞ்சம் எட்டிப் பார்த்து வாசிங்க.”

கேடயம் எட்டிப் பார்த்தது. “போர்க்குதிரை.”

“என்னைத் தோண்டி எடுத்து நூறு வருஷம் ஆச்சு. இந்தச் சீட்டை என்னிக்காவது யாராவது சந்தேகப்பட்டிருக்கீங்களா?”

“இல்லையே. அதுல சந்தேகப்பட என்ன இருக்கு?”

“நானும் பெட்டைதாண்ணே.”

ஆட்டக்காய் ஒன்று பையைவிட்டு உருண்டு வெளியே வந்து விழுந்தது.

“ரெண்டு குட்டி போட்டவ நான். சின்னக்குட்டி பால் குடிக்கிற நாள்லதான் கப்பல் ஏறினேன். மடியில பால் கட்டிக்கிட்டு வலி உயிர் போகும். அதோடதான் ஓடினேன். நீங்க யாரும் கேட்கலை, நானும் சொல்லலை.”

வாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எலும்பின் பக்கம் திரும்பியது. “அம்மா, நீங்களே சொல்லிடுங்க. சண்டை போட்டீங்களா, இல்லையா?”

எலும்பு முதன்முதலாகப் பேசியது. குரலில் சிரிப்பு இருந்தது. “ஐயாவா இருந்த வரைக்கும் இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்கிட்ட கேட்கலையே! போய்ப் பக்கத்துப் பெட்டிக்காரரைக் கேளுங்க. அவர் பதில் சொல்லட்டும், நானும் சொல்றேன்.”

பக்கத்துப் பெட்டியில் நெடுநெடுவென்று ஓர் ஆண் எலும்புக்கூடு படுத்திருந்தது. அருகில் ஒரு வாள். அங்கேயும் தலைமாட்டில் ‘மாவீரன்’ என்றே அட்டை.

“அண்ணாச்சி, நீங்க சண்டை போட்டீங்களா?” என்று குதிரை கேட்டது.

“கேட்கிற கேள்வியைப் பாரு! அதான் பக்கத்துல வாள் இருக்கே.”

“இங்கேயும்தான் இருக்கு.”

“என் தோளோட அகலத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன். காயம் எதுவும் இருக்கா அண்ணாச்சி?”

“எனக்குத் தூக்கம் வருது” என்று பக்கத்துப் பெட்டிக்காரர் பேச்சை முடித்துக்கொண்டார்.

வாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தன்னைத் தாங்கியிருந்த கம்பியிலிருந்து மெல்ல நழுவி, எலும்பின் வலது கைக்குள் போய்ச் சாய்ந்துகொண்டது. “சண்டை போட்டாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆயிரம் வருஷம் என்கூடப் படுத்திருந்தது இவங்கதான். வேற ஒருத்தர் வரவே இல்லை.”

செவ்வாய்க்கிழமை காலையில் பேராசிரியர் எலும்பை எடுத்துப்போக ஒரு தட்டோடு வந்தார்.

சிக்னே ஒரு பழைய தாளை விரித்துக் காட்டினாள். “தோண்டின அன்னிக்கே வரைஞ்ச படம் சார். இதே எலும்பு, இதே மாதிரிதான் படுத்திருக்கு. எதுவும் இடம் மாறலை.”

“இருக்கட்டும்மா. இவ சண்டை போட்டதுக்கு என்ன ஆதாரம்?”

“நியாயமான கேள்விதான் சார். பக்கத்துப் பெட்டியையும் அதையே கேட்போம். அவரையும் சுரண்டி அனுப்புவோம். காயம் இருக்கா, அந்த வாள் அவரோடதுதானா, எல்லாம் பார்ப்போம். தேறலைன்னா அவரையும் அலமாரிக்கு அனுப்பிடலாம். இந்தக் கூடத்துல மொத்தம் முப்பத்தெட்டுப் பெட்டி இருக்கு.”

பேராசிரியர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முப்பத்தெட்டு மாவீரர்களும் அசையாமல் படுத்திருந்தார்கள். தட்டை மெதுவாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இவங்க இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிக்னே அட்டையை எடுத்தாள். கடைசியில் இருந்த ‘ன்’னை மட்டும் சுரண்டிவிட்டு, அங்கே ‘ர்’ எழுதினாள். மாவீரர். ஓர் எழுத்துக்குத்தான் இத்தனை அமளி. அவள் போனதும் கேடயம் நிமிர்ந்து, “தளபதி அம்மா, வணக்கம்” என்றது, திக்காமல். ஒரு முழத் தூரத்தில் தன் ஆள் இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் குதிரைக்கு மனசு நிறைந்தது.

அப்போது பக்கத்துக் கண்ணாடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

“ஏம்மா, குதிரை...”

“என்ன அண்ணாச்சி, தூக்கம் கலைஞ்சுதா?”

“நான் ஆட்டுப்பட்டி வச்சிருந்தவன்மா. வயித்துவலியில செத்தேன். இந்த வாள் என் மாமனாரோடது. உறையைவிட்டு நான் உருவினதே இல்லை.”

“பதில் சொல்லிட்டீங்களே! இனி எங்கம்மாவும் சொல்லணும். கூப்பிடட்டுமா?”

“வேணும்னா அவங்ககிட்ட சொல்லிக்கோ தாயி. என் அட்டைகிட்ட மட்டும் சொல்லிடாதே.”