சீட்டின் பின்பக்கம்

1991 ஜூலை 13, சனிக்கிழமை, காலை பத்தேகால். இருபத்தேழு புத்தகங்கள் கேட்டு இருபத்தேழு சீட்டு எழுதி வைத்திருந்தார் பொன்னுலிங்கம்.

தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியர். வயது நாற்பத்தாறு. உப்பளத் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து எட்டாவது வருடம். டிசம்பர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

அப்போது பாளையங்கோட்டையில் அவர் வந்திருந்த கல்லூரி நூலகத்தில் கணினி கிடையாது. சுவரோரம் மர அலமாரி, அதில் நீள நீளமான இழுப்பறைகள், இழுப்பறை நிறைய அட்டைகள். அட்டையைத் தேடி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து புத்தகம் வரும். காலை முழுவதும் இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்கும். வேறு சத்தம் இருக்காது.

ஆய்வாளர்களுக்கென்று தனியாக ஒரு மேசை உண்டு. அதில் இருந்தவர் மரகதவல்லி. பொன்னுலிங்கத்தைவிடப் பதினான்கு வயது இளையவர்.

அவரிடம் சீட்டுக் கொடுத்தால் உடனே புத்தகம் வராது. சீட்டைத் திருப்பிப் போடுவார். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்று பின்பக்கத்தில் எழுதச் சொல்வார். விடைத்தாள் திருத்துகிறவர்களையே பரீட்சை எழுத வைக்கிறார் என்று பேராசிரியர்கள் கேலி பேசினார்கள்.

பொன்னுலிங்கம் குறைபட்டுக்கொண்டார். எட்டு வருடமாகப் படிக்கிறார். எழுத உட்கார்ந்தால் இன்னொரு புத்தகம் இருப்பது தெரியவருகிறது.

"இந்த இருபத்தேழுதான் பாக்கி மேடம். முடிச்சிட்டா எழுதிருவேன்."

"போன வருஷம் முப்பத்தொண்ணு பாக்கின்னீங்க சார்."

முதல் சீட்டைத் திருப்பிப் போட்டார்.

உப்பளத் தொழிலாளர் நிலை, 1930 முதல் 1960 வரை என்று எழுதினார் பொன்னுலிங்கம்.

"இது தலைப்பு சார்."

இரண்டாவது சீட்டு. பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதினார்.

மரகதவல்லி உதவியாளரிடம் சொல்லிப் பழைய அரசு அறிக்கை ஒன்றை வரவழைத்தார். பக்கத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். எண்ணிக்கை அதில் இருந்தது. பொன்னுலிங்கத்துக்கு அது மூன்று வருடம் முன்பே தெரியும்.

"இதுக்கா சார் எட்டு வருஷம்?"

மூன்றாவது சீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுதினார், அடித்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். கடைசியில் சீட்டை நீட்டும்போது மரகதவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

'என் அம்மா இருபத்திரண்டு வருடம் உப்பு வாரினாள். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் அவள் பெயர் ஏன் இல்லை?'

மரகதவல்லி இரண்டு முறை படித்தார்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. என்கூடத்தான்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

பொன்னுலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம்."

மரகதவல்லி எழுந்து வாசலுக்குப் போனார். வாசகர்கள் பையை வைத்துவிட்டு வரும் தட்டிலிருந்து பொன்னுலிங்கத்தின் பையை அவரே தூக்கி வந்தார். மிச்சமிருந்த இருபத்துநான்கு சீட்டுகள் மேல் வைத்தார்.

"பதினொண்ணே முக்காலுக்குத் தூத்துக்குடி பஸ் இருக்கு சார்."

1991 டிசம்பர் 27 அன்று ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் பதிவாயிற்று. அதன் ஆதாரப் பட்டியலில் முதல் வரி: செல்லக்கனி, வயது 71, உப்பளத் தொழிலாளி. நேர்காணல், தூத்துக்குடி, 14 ஜூலை 1991 முதல் ஒன்பது நாட்கள்.