அண்ணாச்சி போட்ட ஷார்ட்ஸ்

கயத்தாறுக்கு வெளியே, காற்றாலைகளுக்கு நடுவில், ஒரு பழைய தீப்பெட்டி கோடவுனில் அந்த முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆறு பெண்கள், ஆறு சைக்கிள்கள். இன்னும் இருபது நாளில் அவர்கள் நாற்பது மணி நேரத்துக்குள் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும்.

பயிற்சி கொடுப்பவள் ரெஜினா. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்தவன் சுடலைமுத்து. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவன். ரெஜினாவைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் அவளைக் கோச் என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

ரெஜினா இரண்டு வாரம் சென்னைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பையைக் கீழே வைக்கும் முன்பே சுடலைமுத்து எதிரில் வந்து நின்றான்.

"பேச்சித்தாய் பேரை லிஸ்ட்லருந்து அடிச்சிருங்க கோச்."

"என்ன செஞ்சா?"

"விருதுநகர் போய்ட்டுத் திரும்புறப்ப சாத்தூர்ல இறங்கிட்டா. நூறு கிலோமீட்டர்கூட முழுசா ஆகல. வேன்ல ஏத்தித்தான் கொண்டாந்தேன்."

"எதுக்கு இறங்குனாளாம்?"

"ஷார்ட்ஸ் சரியில்லையாம்."

"யார் வாங்குன ஷார்ட்ஸ்?"

"நாந்தான் வாங்குனேன், நீங்க இல்லாதப்ப. கடையில இருந்ததுலயே, உக்கார்ற இடத்துல வச்சுத் தைக்கிற மெத்தை தடிச்சது. விரலால அமுக்கிப் பார்த்தேன், தலையணை மாதிரி அமுங்குது. நானும் அதையேதான் போட்டு ஓட்டுதேன். எனக்கு ஒண்ணும் செய்யலையே."

"கடைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அளவு எழுதிட்டுப் போனேன்."

பேச்சித்தாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கிராமத்துத் தபால்காரி. ஒன்பது வருடமாகத் தினமும் நாலு ஊருக்குச் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவள்.

"நான் சாக்குச் சொல்லல சார்" என்றாள்.

"பின்ன என்ன? மத்த அஞ்சு பேரும் ஓட்டலையா?"

பேச்சித்தாய் மற்ற ஐந்து பேரையும் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஓட்டுனாங்க" என்றாள். போகிற வேகத்தில் அவள் தள்ளிய தகரக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"பார்த்தீங்களா திமிரை?" என்றான் சுடலைமுத்து. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "கோச், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிக்கொடுங்க. நிஜ வலியும் சாக்கும் வெளிய பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

ரெஜினாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். பையைத் திறந்தாள். மாதிரி பார்க்கச் சென்னையில் வாங்கிவந்த ஷார்ட்ஸ்களில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு இதைப் போட்டுட்டு விருதுநகர் போய்ட்டு வாங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவன் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். மெத்தை பின்னால் அகலமாகவும் முன்னால் குட்டையாகவும் தைக்கப்பட்டிருந்தது.

"இது பொம்பளைங்க ஷார்ட்ஸ்."

"ஆமா. உங்க இடுப்பளவுக்குச் சரியா இருக்கும்."

"இது எப்படி எனக்கு ஆகும்?"

"மெத்தை இருக்குல்லா? அமுக்கிப் பாருங்க."

அவன் அமுக்கினான். மெத்தென்று இருந்தது. அவன் முகம் கறுத்தது.

"கேலி பண்ணுதீங்களா?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்."

காலையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டு வேகமாக மிதித்தான்.

கோவில்பட்டி வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, முன்னால் மெத்தை முடிகிற இடத்தில் ஒரு தையல் உறுத்த ஆரம்பித்தது. சற்று பின்னால் தள்ளி உட்கார்ந்தான். இப்போது பின்னாலிருந்த அகலம் இரண்டு பக்கமும் மடிந்து தொடையில் தேய்த்தது. சாத்தூர் தாண்டியதும் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு வலப்பக்கமாக. விருதுநகரில் திரும்பும்போது எந்தப் பக்கமும் மிச்சம் இல்லை.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளியது. அவன் காற்றைத் திட்டினான். ஹாரன் அடித்த லாரிக்காரனைத் திட்டினான். டீக்கடைப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்க அண்ணாச்சி" என்றபோது அவளிடமும் சீறினான். நின்றபடியே டீயைக் குடித்தான். திரும்பி வருகையில் சாத்தூரில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. அங்கே இறங்க அவனுக்கு மனம் வரவில்லை. பெடல்மேல் எழுந்து நின்றும், உட்கார்ந்தும், பல்லைக் கடித்தும் வந்து சேர்ந்தான்.

முகாமில் ஆறு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து சைக்கிளைத் தரையில் போட்டான். காலை அகட்டி அகட்டி நடந்து ரெஜினாவிடம் போனான்.

"தெரிஞ்சேதான குடுத்தீங்க? என் உடம்புக்கு ஆகாதுன்னு தெரியும்ல? தோலு உரிஞ்சு கிடக்கு. வலி தாங்கல. மனுசன் போடுறதா இது? பட்டாளத்துலகூட ஒருத்தரும் என்னை இப்படிச் செஞ்சதில்ல!"

அவன் கத்தி முடிக்கும்வரை ரெஜினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சித்தாய் கை கழுவிவிட்டு உள்ளே போனாள். பாதிக்குமேல் பிதுக்கிய ஒரு களிம்பு டியூபைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெறும் தண்ணியில கழுவி, நல்லாக் காய்ஞ்சப்புறம் போடுங்க சார். நாளைக்கு ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடாதீங்க, அந்தத் தையலும் சேர்ந்து அறுக்கும்."

அவன் வாங்கிக்கொண்டான்.

"இப்படிக் கத்த எனக்கும் ஆசைதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் திருநெல்வேலியில் உள்ள சைக்கிள் கடைக்குப் புறப்பட்டார்கள். பேச்சித்தாய் மட்டும் வருவாள் என்று சுடலைமுத்து நினைத்திருந்தான். ஆறு பேரும் வேனில் ஏறினார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபடி வந்தான்.

"உங்களுக்குமா?" என்று கேட்டான்.

"எங்களுக்கும்தான்" என்றாள் ஜெயராணி. அணியிலேயே வேகமானவள் அவள்.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னவ பேரைத்தான் அடிக்கச் சொன்னீங்களே."

தாழையூத்தைத் தாண்டி வேன் திருநெல்வேலிக்குள் நுழைந்தது.

கடைக்காரர் ஒரு ஷார்ட்ஸை விரித்து மெத்தையைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். "பாருங்க சார், பஞ்சு மாதிரி. இதுக்கு மேல சொகுசு கிடையாது."

"விரலை எடுங்கய்யா" என்றான் சுடலைமுத்து. அவன் போட்ட சத்தத்தில் ரெஜினாவே திரும்பிப் பார்த்தாள். "உம்ம விரலா நாப்பது மணி நேரம் உக்காரப்போகுது?"

ரெஜினா ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து, ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து, கால் மணி நேரம் மிதித்தாள். நின்றால் நன்றாக இருந்தவை குனிந்ததும் இடுப்பில் இழுத்தன. தடித்த மெத்தை கொஞ்ச நேரத்திலேயே நகர்ந்து ஒரு பக்கம் குவிந்தது. ஜெயராணி இரண்டாவதிலேயே தலையசைத்துவிட்டாள். மற்ற நால்வரும் மூன்று நான்கு பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சித்தாய்க்கு எதுவும் ஆகவில்லை. ஒன்றில் தொடையைப் பிடிக்கிற பட்டை மேலே ஏறுகிறது என்றாள். ஒன்றில் மெத்தையின் ஓரம் தட்டுகிறது என்றாள். அடுத்ததில், உட்காருகிற இரண்டு எலும்பும் மெத்தைக்கு வெளியே நிற்கின்றன என்றாள். ஆறாவது ஷார்ட்ஸை எடுக்க ஏணியில் ஏறும்போது கடைக்காரர் முணுமுணுத்தார்.

"அந்தம்மா சும்மா குறை சொல்லுதாங்க சார். இது எல்லாமே நல்ல ஐட்டம்தான்."

சுடலைமுத்து ஏணியடியில் நின்றான். கடைக்காரரைப் பார்த்தான். 'ஆமா' என்று வாய் வரை வந்ததை விழுங்கினான்.

ஆறாவதில் மெத்தை மெல்லிசு. அமுக்கினால் விரல் இறங்கவில்லை. பேச்சித்தாய் குனிந்து மிதித்தாள். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளும் இறங்கவில்லை. ஒருதடவைகூட அவள் சீட்டில் நகர்ந்து உட்காரவில்லை. அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"இதுதான்" என்றாள்.

சுடலைமுத்து ரெஜினாவின் அருகே போய் நின்றான். குரலை இறக்கிக் கேட்டான்.

"எனக்குக் கோபம் இன்னும் போகல கோச். உங்கமேலயா, என்மேலயான்னு தெரியல. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. நாளைக்கு ஒருத்தி வந்து வலிக்குன்னு சொன்னா, அது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ரெஜினா அவனைப் பார்த்தாள்.

"நேத்துச் சாயங்காலம் வலிக்குன்னு நீங்க கத்துனப்ப ஆறு பேர் இருந்தாங்க. நிஜமான்னு அதுல ஒருத்தி கேட்டாளா அண்ணாச்சி?"